கணினி கேள்வி – பதில்: பல கணினிகளும் அவற்றைக் கவனிக்கும் டீமன்களும்

மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பல, செயல்திறன் கண்காணிப்பு டீமன்களைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பகுதியை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். டீமன் என்பது திரையில் தோன்றாமல் பின்னணியில் இடைவிடாது ஓடும் நிரல். இங்கே பேசப்படுபவை, செயலி, நினைவகம், டிஸ்க், நெட்வொர்க் ஆகியவற்றின் அளவீடுகளைக் குறித்த இடைவெளியில் எடுத்துத் தருபவை. இவற்றை ஒரு கணினியில் ஓட்டுவது எளிது. ஐம்பது கணினிகளில் ஓட்டும்போது டீமன்களையே யாராவது கவனிக்க வேண்டியதாகிவிடுகிறது.

கேள்வி: ஐயா, திருப்பரங்குன்றம் அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வகப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஓர் ஆய்வகத்தில் உபுண்டு, மற்றொன்றில் ராக்கி லினக்ஸ்; இரண்டுமே லினக்ஸ் இயங்குதள வகைகள். இரண்டிலும் பெர்ஃபார்மன்ஸ் கோ-பைலட் என்ற கண்காணிப்பு மென்பொருளை நிறுவியிருக்கிறோம். கரண்ட் போய் வந்தால் உபுண்டு ஆய்வகத்தில் டீமன்கள் தாமாக ஓடத் தொடங்கிவிடுகின்றன; ராக்கி ஆய்வகத்தில் ஒன்றுகூட ஓடுவதில்லை. தினமும் காலையில் ஒவ்வொரு கணினியிலும் எஸ்.எஸ்.ஹெச். என்ற தொலைநுழைவு வசதி வழியாக நுழைந்து ஓட்டிவிடுகிறேன். எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்க வழி உண்டா?
– ஆய்வகப் பொறுப்பாளர், திருப்பரங்குன்றம்

பதில்: நீங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ என்ற, சேவையின் நிலையைக் காட்டும் கட்டளையின் வெளியீட்டிலேயே முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. ‘ஆக்டிவ்’ என்ற வரியில் ‘ரன்னிங்’ என்று பச்சை நிறத்தில் தெரிவதைப் பார்த்து எல்லாம் சரியென்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு மேலே ‘லோடட்’ என்று தொடங்கும் வரியில், சேவைக் கோப்பின் பாதைக்கு அடுத்தபடியாக ‘டிஸேபிள்டு’ என்று இருப்பதைக் கவனியுங்கள். ‘ஸ்டார்ட்’ என்ற கட்டளை இப்போதைக்கு ஓட்டிவிடும். அடுத்த முறை கணினி பூட் ஆகும்போதும் ஓட வேண்டும் என்று பதிவுசெய்வது ‘எனேபிள்’ மட்டுமே. டெபியன், உபுண்டு குடும்பத்தில் ஒரு சேவையை நிறுவினாலே இவ்விரண்டும் வழக்கமாக நடந்துவிடும். ரெட் ஹேட் வழிவந்த ராக்கி போன்றவற்றில் நிர்வாகி சொல்லும்வரை பெரும்பாலான சேவைகள் தொடங்கப்படுவதில்லை. ஆகவே மின்தடையின் மேல் பழி போட வேண்டியதில்லை. ‘எனேபிள்’ கட்டளையுடன் ‘நவ்’ என்ற தெரிவையும் சேர்த்து ஒருமுறை கொடுத்தால் போதும்.

இனி ஓரிடத்து நிர்வாகத்துக்கு வருவோம். பெர்ஃபார்மன்ஸ் கோ-பைலட் முதலில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் உருவாகி, 2000-ஆம் ஆண்டில் திறமூலமாக வெளியிடப்பட்டது. பல கணினிகளை ஒருசேரக் கவனிப்பது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அதில் இரண்டு டீமன்களை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ‘பிஎம்சிடி’ எதையும் சேமித்து வைப்பதில்லை. கேட்டால் அந்த நேரத்து அளவீட்டைச் சொல்லும், அவ்வளவே. ‘பிஎம்லாகர்’தான் கேட்டு வாங்கி டிஸ்க்கில் எழுதுவது. மாணவர் கணினிகள் அனைத்திலும் பிஎம்சிடியை மட்டும் ஓடவிட்டு, எல்லாவற்றுக்குமான பிஎம்லாகர்களை யு.பி.எஸ். இணைப்புள்ள ஒரே சர்வரில் ஓட்டுங்கள். பிஎம்லாகரின் அமைப்புக் கோப்புறைக்குள் ‘கன்ட்ரோல்.டி’ என்றொரு துணைக் கோப்புறை உண்டு. அதிலுள்ள கோப்பில் கணினிக்கு ஒரு வரி எழுத வேண்டும்: முதலில் கணினியின் பெயர், அடுத்து அது முதன்மை லாகரா என்பதற்கான ஒய் அல்லது என், பிறகு ப்ராக்ஸி என்ற இடைநிலைச் சர்வர் பற்றிய அதே மாதிரியான ஓர் எழுத்து, பதிவுகள் சேர வேண்டிய கோப்புறை, கடைசியாக லாகருக்கான தெரிவுகள். ஆய்வகத்துக்குப் புதிய கணினி வந்தால் ஒரு வரி கூடும், பழையது கழிந்தால் ஒரு வரி குறையும்.

மாணவர் ஒருவர் கணினியை அணைத்ததால் லாகர் நின்றுபோனாலும், ‘பிஎம்லாகர் செக்’ என்ற துணை நிரல் அரை மணிக்கு ஒருமுறை இந்தப் பட்டியலைப் பார்த்து, ஓடாதவற்றை மீண்டும் ஓட்டிவிடும். ‘பிஎம்லாகர் டெய்லி’ நள்ளிரவு கடந்ததும் முந்தைய நாளின் பதிவுகளை ஒன்றுசேர்த்து, நீங்கள் மாற்றாதவரை 14 நாட்களுக்கு முந்தையவற்றை நீக்கிவிடும். இவ்வளவு வசதியையும் வைத்துக்கொண்டு தினமும் எஸ்.எஸ்.ஹெச். வழியாக நுழைந்துகொண்டிருப்பது உங்கள் காலை நேரத்துக்குச் செய்யும் அநியாயம்.

சர்வரிலிருந்து இணைப்புக் கிடைக்கவில்லையென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பிஎம்சிடி 44321 என்ற டி.சி.பி. போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள வாயிலில், இணைப்புக்குக் காத்திருக்கிறது; ராக்கியின் ஃபயர்வாலில் அதைத் திறந்துவிட வேண்டும். திறந்தும் வரவில்லையென்றால், மாணவர் கணினியில், திறந்திருக்கும் போர்ட்டுகளைக் காட்டும் ‘எஸ்எஸ்’ கட்டளையைக் கொடுத்து, அந்தப் போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று இருக்கிறதா, 0.0.0.0 என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவதாக இருந்தால் டீமன் தன் கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். பிஎம்சிடியின் அமைப்புக் கோப்பில் ‘பிஎம்சிடி லோக்கல்’ என்ற மாறியைச் சுழியாக்கி, டீமனை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

ஆய்வகங்களுக்கே உரிய மற்றொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே டிஸ்க் இமேஜிலிருந்து எல்லாக் கணினிகளையும் நகலெடுத்திருந்தால், கணினிப் பெயர் மட்டுமன்றி ‘மெஷின் ஐடி’ என்ற அடையாள எண்ணும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும். உபுண்டு சர்வர் வகையில் டி.ஹெச்.சி.பி. என்ற முறையில் ஐ.பி. முகவரி கேட்கும்போது இந்த எண்ணை வைத்தே அடையாளம் சொல்லப்படுவதால், இரண்டு கணினிகளுக்கு ஒரே ஐ.பி. முகவரி கிடைத்து, யாருடைய அளவீடு எது என்று தெரியாமல் போகும். பட்டியல் எழுதுவதற்கு முன்பே இவ்விரண்டையும் கணினிதோறும் வேறாக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சிறு மென்பொருள் நிறுவனத்தில் அளவீடுகளைத் திரட்டும் ப்ரோமிதியஸும், ஒவ்வொரு சர்வரிலும் அவற்றை எடுத்துத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் டீமனும் ஓடுகின்றன. செயலிப் பயன்பாடு 90 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி விதி எழுதியிருக்கிறோம். சென்ற மாதம் ஒரு சர்வரின் வரைபடம் இரண்டு நாளாக வெறுமையாக இருந்தும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. விதியில் என்ன பிழை?
– சிஸ்டம் அட்மின், இலந்தைக்குளம்

பதில்: விதியில் பிழையில்லை, அந்த விதி கேட்கும் கேள்வியே வேறு. அளவீடு வந்தால்தானே அது 90-ஐத் தாண்டியதா என்று பார்க்க முடியும்? வராத அளவீட்டை வைத்துக் கணக்கிட்டால் ப்ரோமிதியஸுக்குக் கிடைப்பது வெற்று விடை. வெற்று விடைக்கு எச்சரிக்கை எழாது. டீமன் செத்துக் கிடக்கும் சர்வரும் நலமாக இருக்கும் சர்வரும் இந்த விதியின் கண்ணுக்கு ஒன்றுதான்.

ப்ரோமிதியஸ் 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கப்பட்டது. மையச் சர்வர் தானே ஒவ்வொரு கணினியையும் தேடிச்சென்று அளவீட்டைக் கேட்டு வாங்குவது அதன் வழக்கம். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவதைப் போன்ற ஏற்பாடு இது. பதில் வராத பெயருக்கு எதிரே குறி விழுந்தே தீரும். அந்தக் குறிதான் ‘அப்’ என்ற அளவீடு. கேட்ட கணினி பதில் சொன்னால் 1, சொல்லாவிட்டால் 0. ஆகவே உங்கள் முதல் விதி, ‘அப்’ ஐந்து நிமிடம் தொடர்ந்து 0-ஆக இருந்தால் எச்சரிக்கை செய் என்பதாக இருக்க வேண்டும். செயலி, நினைவகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பட்டியலிலிருந்தே ஒரு கணினியின் பெயரை யாராவது தவறுதலாக நீக்கிவிட்டால் ‘அப்’ அளவீடும் காணாமல் போகும். அதைப் பிடிப்பதற்கு ‘ஆப்சென்ட்’ என்ற சார்பை வைத்து, முக்கியமான சர்வர்களுக்காவது தனி விதி எழுதிவையுங்கள்.

டீமன் ஓடுகிறதா என்று, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடம் கேட்பது மட்டும் போதாது. என்.எஃப்.எஸ். என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு வழியாக இணைத்த ஒரு டிஸ்க் மறுமுனையில் இறந்துபோனால், அதன் அளவைக் கேட்கப்போன நோட் எக்ஸ்போர்ட்டர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றுவிடலாம். சிஸ்டம்டிக்கு அது ‘ரன்னிங்’. ப்ரோமிதியஸுக்கோ, இயல்பாக அமைந்த 10 விநாடிக் கெடுவுக்குள் பதில் வராததால், ‘அப்’ 0. இரண்டில் நம்ப வேண்டியது பின்னதை.

உங்கள் சர்வரில் டீமன் ஏன் மறுபடி எழவில்லை என்பதற்கும் பெரும்பாலும் ஒரு காரணம் உண்டு. ‘ரீஸ்டார்ட்’ என்று சேவைக் கோப்பில் எழுதிவிட்டால் சிஸ்டம்டி எப்போதும் எழுப்பிக்கொண்டே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இயல்பான அமைப்பில், 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியும் டீமன் தொடர்ந்து ஓடாவிட்டால் அது முயற்சியைக் கைவிட்டுவிடும். ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே அது விடும் இடைவெளி 100 மில்லி விநாடி மட்டுமே. டிஸ்க் இன்னும் இணையவில்லை என்பது போன்ற, அரை நிமிடத்தில் தானே சரியாகிவிடக்கூடிய காரணத்துக்காக டீமன் விழுந்திருந்தாலும், ஐந்து வாய்ப்புகளும் ஓரிரு விநாடியில் தீர்ந்துபோய் ‘ஃபெயில்டு’ நிலையில் கிடக்கும். ‘ரீஸ்டார்ட் செக்’ என்ற மதிப்பை 30 விநாடியாக்கிவிட்டால் 10 விநாடிக்குள் ஐந்து முறை என்ற எல்லையை அது தொடவே தொடாது.

கடைசியாக, ப்ரோமிதியஸே நின்றுவிட்டால் என்ன செய்வது? எந்நேரமும் எழுந்துகொண்டே இருக்கும் ஓர் எச்சரிக்கையை வேண்டுமென்றே அமைத்து, அது வேறொரு கணினிக்குப் போய்ச் சேரும்படி செய்யுங்கள். அந்தக் கணினி, எச்சரிக்கை வருவது நின்றால் மட்டும் உங்கள் கைபேசிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். இதற்குப் பழைய மடிக்கணினி ஒன்று தாராளமாகப் போதும்.

கேள்வி: எங்கள் மளிகை மொத்த வியாபாரத்துக்குக் கீழமாசி வீதியில் தலைமைக் கடையும், தேனி, திண்டுக்கல், விருதுநகரில் கிளைகளும் உள்ளன. கிளைகளில் உள்ள பில்லிங் கணினிகளை மதுரையிலிருந்து கண்காணிக்க முயன்றபோது ஒன்றையும் எட்ட முடியவில்லை. கடைக்குள் இருக்கும் கணினிகள் மட்டும் தெரிகின்றன.
– கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர், மதுரை

பதில்: கிளைகளின் பிராட்பேண்ட் இணைப்புக்குப் பொது ஐ.பி. முகவரி இல்லாமல், ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இருக்கக்கூடும். அப்படியிருந்தால் கிளையிலிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து கிளைக்குள் வர முடியாது. போதாததற்கு, நீங்கள் தந்த படத்தின்படி நான்கு இடத்து ரௌட்டர்களும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே கொடுக்கின்றன. தேனியிலும் ஒரு 192.168.1.10 இருக்கிறது, விருதுநகரிலும் இருக்கிறது.

இதற்காக ரௌட்டரில் போர்ட்டைத் திறந்து, நோட் எக்ஸ்போர்ட்டரின் 9100-ஐயோ விண்டோஸ் எக்ஸ்போர்ட்டரின் 9182-ஐயோ இணையத்தின் முன் வைத்துவிடாதீர்கள். தனியாக அமைக்காதவரை அவை கடவுச்சொல் எதையும் கேட்பதில்லை. வந்தவர் எல்லோருக்கும் உங்கள் கணினிகளின் விவரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சரியான வழி, கிளைகள் தாமே மதுரைக்கு ஒரு வி.பி.என். சுரங்கம், அதாவது இணையத்தின் ஊடே ஒரு தனிப்பட்ட பாதை, அமைத்துக்கொள்வது. வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள் 2020-இல் லினக்ஸ் கெர்னலின் 5.6 பதிப்போடு சேர்ந்துவிட்டது; விண்டோஸுக்கும் உண்டு. ஒவ்வொரு பில்லிங் கணினிக்கும் சுரங்கத்துக்குள் தனி முகவரி கொடுங்கள், 192.168.1 குழப்பம் தீரும். ‘பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்’ என்பதை 25 விநாடியாக வைத்தால், பேச்சில்லாத நேரத்தில் கிளையின் ரௌட்டர் இணைப்பை மறந்துபோகாது. ஒரே நிபந்தனை, தலைமைக் கடைக்கு நிலையான பொது முகவரி வேண்டும். இல்லையென்றால் மாத வாடகைக்கு ஒரு சிறு கிளவுட் சர்வர் எடுத்து அதைச் சந்திப்பு இடமாக்கிக்கொள்ளலாம்.

இணைப்பு அறுந்திருக்கும் நேரத்து அளவீடுகளும் வேண்டுமென்றால், மையத்திலிருந்து கேட்டு வாங்கும் முறை உதவாது. அந்த நேரத்துக்கு வரைபடத்தில் பள்ளம்தான் விழும். கிளைக்கு ஒன்றாக, 2021-இல் அறிமுகமான ஏஜென்ட் முறையில் ப்ரோமிதியஸை ஓட்டினால், அது உள்ளூரில் அளவீடுகளை வாங்கி மதுரைக்குத் தள்ளும். இணைப்பு இல்லாதபோது தன்னிடம் வைத்திருந்து, வந்ததும் அனுப்பும். ஆனால் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் தடையை அது தாங்காது. அதற்கு முந்தையவை கைவிட்டுப் போகும். சாலையில் பள்ளம் தோண்டி கேபிளை வெட்டிவிட்டு, மறுநாள் ஒட்டவைக்கும் ஊர்களுக்கு இது போதாது. அப்படிப்பட்ட கிளையின் லினக்ஸ் கணினிகளில் சிஸ்ஸ்டாட் தொகுப்பையும் கூடவே ஓடவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கணினியிலேயே எழுதிவைக்கும் அந்தப் பழைய கருவி, யாருடைய இணைப்பையும் எதிர்பார்ப்பதில்லை. நிறுவியவுடன் அது எழுதத் தொடங்கிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில லினக்ஸ் வகைகளில் அதைத் தனியாக இயக்கிவிட வேண்டும்.

கேள்வி: இரண்டு கணினிகளின் அளவீடுகளை ஒப்பிட்டால் ஒன்று சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி இருக்கிறது. ஏன்?
– கணினி அறிவியல் மாணவி, உசிலம்பட்டி

பதில்: ஐந்தரை மணி என்ற அளவே காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இந்திய நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள வேறுபாடு அதுதான். முந்தியிருக்கிறதா, பிந்தியிருக்கிறதா என்பதை வைத்து மேலும் பிரித்துச் சொல்லலாம்.

காலை 10 மணிக்கு நடந்தது 4.30 என்று தெரிந்தால், பெரும்பாலும் காட்டும் திரையில்தான் வேறுபாடு. ப்ரோமிதியஸின் சொந்தப் பக்கம் நீங்கள் மாற்றாதவரை பொது நேரத்தைக் காட்டும். அளவீடுகளை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா உங்கள் உலாவியின் நேரத்தைக் காட்டும். அளவீடு கெடவில்லை.

10 மணிக்கு நடந்தது பிற்பகல் 3.30 என்று தெரிந்தால், அந்தக் கணினியில் விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். விண்டோஸ், மதர்போர்டிலுள்ள கடிகாரத்தில் இந்திய நேரத்தை எழுதிவைக்கும். அடுத்து பூட் ஆகும் லினக்ஸ் அதைப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, மேலும் ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளும். இணையம் இருந்தால் குரோனி போன்ற நேர டீமன் சற்று நேரத்தில் திருத்திவிடும். இல்லாவிட்டால் அப்படியே ஓடும். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல் டைம் இஸ் யூனிவர்சல்’ என்ற மதிப்பை 1 ஆக்கினால் இருவரும் ஒத்துப்போவார்கள்.

ப்ரோமிதியஸில் வழக்கமாக நேரத்தைக் குறிப்பது மையச் சர்வர் என்பதால் இந்தத் தவறு அதில் தெரியாது. கலெக்ட்டி, சிஸ்ஸ்டாட் போன்றவை அந்தந்தக் கணினியின் கடிகாரத்தையே நம்பும். நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று எழுதவில்லை. பிற்பகல் 3.30 என்று தெரிகிறதென்றால், பின்னதாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: கண்காணிப்பு டீமனே கணினியை மந்தமாக்கிவிடாதா? அச்சக வேலையில் ஏற்கெனவே நினைவகம் போதவில்லை. டிஸ்க்கும் நிறைந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: அளவாகக் கேட்டால் மந்தமாக்காது. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இருபது கணினிகள், கணினிக்கு 1,000 அளவீட்டுத் தொடர்கள், 15 விநாடிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்குச் சுமார் 11.5 கோடி அளவீடுகள். எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். ப்ரோமிதியஸ் சுருக்கி எழுதுவதால் ஓர் அளவீட்டுக்கு சராசரியாக 1 முதல் 2 பைட்தான் ஆகும். 2 என்றே கொண்டாலும் நாளொன்றுக்கு 230 மெகாபைட்; அது இயல்பாக வைத்திருக்கும் 15 நாட்களுக்கு மூன்றரை ஜிகாபைட். அதுவும் மையக் கணினியின் டிஸ்க்கில்தான். வடிவமைப்பாளர்களின் கணினியில் ஒன்றும் சேராது. துல்லியம் வேண்டுமென்று ஆசைப்பட்டு விநாடிக்கு ஒருமுறை என்று மாற்றினால் அதே மூன்றரை, 50 ஜிகாபைட்டைத் தாண்டும். அச்சகத்துக்கு அது வீண். 30 விநாடிக்கு ஒருமுறை அளந்தாலே தாராளம்.

சுமை கூடுவது பெரும்பாலும் ஓடும் ஒவ்வொரு நிரலையும் தனித்தனியே அளக்கச் சொல்லும்போதுதான். அதை அணைத்து வையுங்கள். லினக்ஸ் கணினிகளில், சிஸ்டம்டியின் சேவைக் கோப்பில் ‘மெமரி மேக்ஸ்’, ‘சிபியு கோட்டா’ என்ற இரண்டு வரிகளைச் சேர்த்து டீமனுக்கு உச்சவரம்பும் கட்டிவிடலாம்.

கேள்வி: அறுபது கணினிகளில் டீமனின் அமைப்புக் கோப்பை மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் மாற்றலாமா?
– அலுவலர், மேலூர்

பதில்: மாற்றலாம், ஆனால் கூடாது. பல கணினிகளில் ஒரே மாற்றத்தைச் செய்யும் ஆன்சிபிள் என்ற கருவிக்கு ஒவ்வொரு கணினியிலும் தனி ஏஜென்ட் எதுவும் வேண்டியதில்லை, எஸ்.எஸ்.ஹெச். இணைப்பும் பைத்தானும் இருந்தால் போதும். அதன் பிளேபுக் என்ற செயல்பட்டியலில் ‘சீரியல்’ என்ற வரியில் 1, 5, 20 என்று எழுதினால், முதலில் ஒரு கணினி, பிறகு ஐந்து, அதன்பின் இருபது இருபதாக மாற்றிக்கொண்டு போகும். ஒரு தொகுதியில் உள்ள அத்தனையும் தோற்றால் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும், டீமனின் போர்ட்டில் உண்மையாகவே பதில் வருகிறதா என்று சோதிக்கும் ஒரு படியைச் சேர்த்துவிடுங்கள். மாற்றிய கோப்பை உங்கள் மேசைக் கணினியில் மட்டும் வைத்திருக்காமல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்தில் வையுங்கள். நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் பழைய கோப்பைத் திரும்பப் போடவேண்டிய ஊழியருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.